விடுதியோடு சாகச மையமும் வேண்டுமா? மூன்று வழிகள், ஒரு செவ்வாய்க்கிழமை

மலையில் விடுதி நடத்துகிற இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: "ஒரு ஜிப்லைன் போட்டுடலாமா?" உயரத்தில் கட்டிய கம்பியில் தொங்கியபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சறுக்கிப்போகும் விளையாட்டு அது. சமீபத்தில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒருவர் ஏலகிரியில் தங்கும் கூடம் வைத்திருப்பவர். இன்னொருவருக்குக் கொடைக்கானல் பக்கம் நான்கு காட்டேஜ். மூன்றாமவர் கொல்லிமலையில் மிளகுத் தோட்டத்து நடுவே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் ஆறு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கீழே சொல்லப்போகும் மூன்று வழிகளில் இரண்டைச் செய்து பார்த்திருக்கிறேன். இன்னொன்றுக்கு இடத்தை அளந்து, ஆளை வரவழைத்து, கணக்கும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஆறு அறை என்றால் வாரத்துக்கு 42 அறை-இரவுகள். வெள்ளியும் சனியும் நிரம்பிவிடும், அது 12. மீதி 30 இரவுகளில்தான் நம் பிழைப்பு ஆடிக்கொண்டிருக்கிறது. சாகச மையம் வந்ததும் கூட்டம் வரும் என்கிறார்கள். வரும்தான். ஆனால் அந்தக் கூட்டமும் சனிக்கிழமையே வந்தால், ஏற்கெனவே நிரம்பிய அறையை இன்னொரு முறை நிரப்ப முடியாது. ஆகவே எந்த யோசனையாக இருந்தாலும், அது ஞாயிறு இரவு முதல் வியாழன் இரவு வரை எத்தனை படுக்கையை நிரப்பும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஆள். தினமும் காலையில் உபகரணத்தைச் சோதிக்கப்போவது யார், அவர் லீவு போட்டால் அடுத்தது யார்?

மூன்றாவது, நிலம். பட்டா நிலமா, வன எல்லை எவ்வளவு தூரம், யானை வருமா, காட்டெருமை வருமா, என்னென்ன அனுமதி வேண்டும்.

நான்காவது, விபத்து நடந்தால் யார் பெயர் அடிபடும். ஐந்தாவது, இரண்டு வருஷம் கழித்து வேண்டாம் என்று தோன்றினால் கையில் என்ன மிஞ்சும்.

ஆறாவது, சத்தம். நம்மிடம் தங்க வருகிறவர் எதற்கு வருகிறார்? எங்கள் விருந்தினர்களில் பாதிப் பேர் காலையில் திண்ணையில் காபியோடு உட்கார்ந்து குக்குறுவான் கூவுவதைக் கேட்கத்தான் வருகிறார்கள். தலைக்கு மேல் ஒருவர் அலறிக்கொண்டு போனால் அவர்கள் அடுத்த முறை வர மாட்டார்கள்.

## வழி ஒன்று: சொந்தமாகக் கட்டுவது

ஜிப்லைன், உயரக் கயிற்றுப் பாலம், ஏறுசுவர் எல்லாம் நம் நிலத்தில், நம் பணத்தில், நம் ஆட்களோடு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். விளம்பரப் படத்துக்கு இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

செலவு என்றதும் எல்லோரும் கம்பி, கம்பம், ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) விலையைத்தான் கேட்கிறார்கள். அது ஒரு முறை போகும் பணம். மாதா மாதம் போவதைப் பாருங்கள். ஜிப்லைனுக்கு ஏற்றிவிடும் முனையில் ஒருவர், இறங்கும் முனையில் ஒருவர், மாற்று ஆள் ஒருவர் என மூன்று பேராவது வேண்டும். ஆளுக்கு 18,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 54,000. ஒரு ஓட்டத்துக்கு 400 ரூபாய் வாங்கினால், சம்பளத்தை எடுக்கவே 135 ஓட்டம் ஓட வேண்டும். வார இறுதி நாட்கள் எட்டில் அதைப் பிரித்தால் நாளுக்கு 17 பேர். என் ஆறு அறைகளில் அறைக்கு மூன்று பேர் வீதம் நிறைந்தால் மொத்தமே 18 பேர்தான். குழந்தை, தாத்தா, பாட்டி, முதுகுவலிக்காரர் உட்பட எல்லோரும் ஏறினால்தான் சம்பளம் தேறும். பராமரிப்பு, காப்பீடு, தேய்மானம் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட இரவுதான் நான் நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் மரம். இங்கே காபிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் எல்லாத் தோட்டத்திலும் சில்வர் ஓக் நட்டிருப்போம். நெட்டையாக, நேராக நிற்கும். கம்பியைக் கட்ட இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் காற்றடித்தால் கிளை முறிவதற்குப் பேர்போன மரம் அது. கோடை மழைக்கு முன்னால் வீசும் காற்றில் காலையில் எழுந்து பார்த்தால் பாதையெல்லாம் முறிந்த கிளைதான் கிடக்கும். அதில் மனிதர் உயிரைக் கட்டக்கூடாது. கான்கிரீட் அடித்தளத்தோடு இரும்புக் கம்பம்தான் என்றால், செலவும் கூடும், அனுமதியும் கூடும்.

அனுமதி என்றால் லேசில்லை. ஏற்காடு உட்படப் பல மலைக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், ஹாக்கா என்று நாம் சொல்வதன், எல்லைக்குள் வருகின்றன. கட்டுமானத்துக்கும் நிலப் பயன்பாட்டை மாற்றவும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சுற்றுலாத் துறையில் தங்குமிடத்துக்குச் செய்யும் பதிவு வேறு, சாகச நடத்துநராகப் பதிவது வேறு. ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாக ஆகிவிடாது. மத்திய சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நடத்துநர் சங்கமும் சேர்ந்து 2018-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. ஒவ்வொரு விளையாட்டுக்கும் என்ன உபகரணம், என்ன பயிற்சி, என்ன பதிவேடு வேண்டும் என்று அதில் இருக்கிறது. கம்பி விற்கிறவரிடம் பேசுவதற்கு முன் அதை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

நன்றாக நடத்துகிற ஓர் இடத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தேன். இருபது வயதுப் பையன் ஒருவன் இறங்கும் முனையில் ஏணி போட்டு ஏறி, பஞ்சுத் துணியால் கம்பியைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே போனான். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு ஹார்னஸின் தையலையும் வெயிலில் திருப்பிப் பார்த்தான். மேடைக்கு அடியில் தேனீ கூடு வைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பிறகு நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். முக்கால் மணி நேரம் ஆனது, அதுவரை ஒரு வாடிக்கையாளர்கூட வந்திருக்கவில்லை. அவன் இதை மழையிலும் செய்வான், கூட்டமே இல்லாத புதன்கிழமையும் செய்வான். இப்படி ஒருவன் உங்களிடம் இருக்கிறானா? இல்லையென்றால் சொந்த மையம் உங்களுக்கு வேண்டாம்.

எடைக் கட்டுப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எடை குறைந்தவர் நடுக் கம்பியில் நின்றுபோவார், எடை கூடியவர் முனைக்கு வேகமாக வந்து சேர்வார். நனைந்த கம்பியில் பிரேக் பிடிக்கும் விதமே மாறிவிடும். இடி கேட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மே மாதம் நமக்கு உச்ச சீசன். மாலையில் இடிமழை வருவதும் அதே மே மாதத்தில்தான்.

வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அறை வருமானமும் விளையாட்டு வருமானமும் ஒரே பான் எண்ணில் இருந்தால் ஜிஎஸ்டி இரண்டையும் கூட்டித்தான் பார்க்கும். தனியாக இருந்தவரை 20 லட்சத்துக்குள் இருந்த சின்ன விடுதி, சேர்ந்ததும் வரம்பைத் தாண்டிவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம்தான். விளையாட்டுக் கட்டணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் இது சரியான முடிவாக இருக்கும் ஆட்கள் உண்டு. சமமான பட்டா நிலம் சில ஏக்கர், வன எல்லையிலிருந்து தள்ளி. நாற்பது, ஐம்பது பேர் படுக்கும் கூடம். பெரிய பேருந்து ஏறி வரக்கூடிய சாலை. குடும்பத்தில் ஒருவர் இதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொள்ளத் தயார். அப்படியானால் பள்ளி, கல்லூரி, அலுவலகக் குழுக்களைக் கூப்பிடலாம். அவர்கள்தான் செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள். ஆனால் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆறு அறை போதாது என்பதைக் கவனியுங்கள். சாகச மையத்துக்கு வருகிறவரும் நம் அறைக்கு வருகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள் கிடையாது. இது இரண்டாவது தொழில் என்ற தெளிவோடு இறங்கினால் நிற்கலாம்.

## வழி இரண்டு: நடத்துநருக்கு இடம் கொடுப்பது

நம் நிலத்தில் வேறொருவர் மையம் கட்டி நடத்துவார். நமக்கு வாடகை, அல்லது வருமானத்தில் பங்கு. முதலீடு இல்லை, ஆள் தேட வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானும் ஒப்புக்கொண்டேன். சிறிய அளவில்தான்: தாழ்வான கயிற்றுப் பாலம் ஒன்று, குட்டி ஜிப்லைன் ஒன்று. கம்பம் அவர்களுடையது.

ஒரு சனிக்கிழமை மதியம் பனி இறங்கி எதிர்முனை தெரியவில்லை. வழக்கமாக இருக்கும் பையன் ஊருக்குப் போயிருந்தான். ஹார்னஸ் மாட்டிக்கொண்டிருந்தது சரக்கு ஏற்றி வந்த வண்டியின் கிளீனர். எட்டு வயதுப் பெண் குழந்தைக்குப் பெரியவர்களுக்கான இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார், அது தளர்ந்து தொங்கியது. ஓடிப்போய் நிறுத்தினேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அப்பாவுக்குக் கோபம், பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன். அன்று இரவு அவர் எழுதிய விமர்சனத்தில் இருந்தது என் ஹோம்ஸ்டேயின் பெயர். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் என் வீட்டில் தங்கினார், என் வாசலில் நடந்தது, அவருக்கு வேறு யாரைத் தெரியும்? நடத்துநரிடம் பேசினேன். சீசன் முடிந்ததும் இரு தரப்பும் விலகிக்கொண்டோம். அந்தக் குழந்தையின் இடுப்பில் தொங்கிய பட்டையை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த வழியின் மறைவான செலவு இதுதான். வருமானத்தைப் பங்கு போடலாம், பெயரைப் பங்கு போட முடியாது.

இதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் வாய்ப் பேச்சில் விடாமல் எழுதி வாங்குங்கள். தினசரிச் சோதனைப் பதிவேட்டின் நகல் காலையிலேயே உங்கள் கைக்கு வர வேண்டும். பயிற்சி பெற்றவர் இல்லாத நாளில் ஓட்டக் கூடாது. வானிலை சரியில்லை என்று நீங்கள் சொன்னால், காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். நான் எழுதத் தவறியது இதைத்தான். அவர்களுடைய பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் கம்பத்தையும் கான்கிரீட்டையும் எடுத்து, தரையைப் பழையபடி ஆக்கித்தர வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் பாதிப் பேர் முகம் மாறும், அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

விடுதியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தனி வாசலோடு நிலம் இருந்தால் இது நல்ல வழி. பெயர்ப்பலகையும் ரசீதும் அவர்கள் பெயரில் தனியாக இருக்கட்டும். ஒரே வாசல், ஒரே ரசீது என்றால் யோசியுங்கள்.

## வழி மூன்று: கம்பி இல்லாமல், காலால்

தோட்ட நடை, பறவை பார்த்தல், இரவில் டார்ச்சோடு பூச்சி பார்த்தல், காபி பறித்து உலர்த்தி வறுத்துக் குடிப்பது, சைக்கிள், குழந்தைகளுக்கு முழங்கால் உயரத்தில் கயிற்றுப் பாதை, முற்றத்தில் கூடாரம். இதைச் சாகசம் என்று சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். சென்னையிலிருந்து வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு இருட்டில் தோட்டத்துக்குள் நடப்பதைவிடப் பெரிய சாகசம் ஜிப்லைனில் இல்லை. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரநாய் போட்டுவிட்டுப் போன எச்சத்தில் காபிக் கொட்டை முழுசாக இருப்பதைக் காட்டினால் போதும், அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கு இது பதில் சொல்கிறதா? எனக்குச் சொன்னது, கொஞ்சம் கொஞ்சமாக. பறவை பார்க்கிறவர்கள் கூட்டத்தை வெறுப்பவர்கள், வார நாளில்தான் வருவார்கள், இரண்டு இரவு தங்குவார்கள். கோடை மழை தொட்டதும் காபி பூத்து, சில நாள் தோட்டமே வெள்ளையாகிவிடும். அதைப் பார்க்க வார நாளிலும் ஓடி வருகிறார்கள். அறுவடை மாதங்களில் பழம் பறிக்க ஒரு கூட்டம். இன்றைக்கு வார நாளில் சராசரியாக இரண்டு அறை கூடுதலாக நிரம்புகிறது. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளுக்கு எட்டு அறை-இரவு, இரவுக்கு 3,000 ரூபாய் என்றால் வாரத்துக்கு 24,000. நடைக்கு நான் தனியாகக் காசு வாங்குவதில்லை, அறை வாடகையிலேயே வந்துவிடுகிறது.

இதன் மறைவான செலவு என் கால். காலை ஆறு மணி நடைக்கு நான்தான் போக வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் அன்று எதுவும் இல்லை. இதைத் தாங்க, தோட்டத்தில் வேலை பார்க்கும் உள்ளூர் அண்ணன் ஒருவரைப் பழக்கியிருக்கிறேன். தடம் பார்ப்பதில் அவர் எனக்கு வாத்தியார், பேசுவதற்குத்தான் கூச்சம்.

இங்கே ஒரு கோட்டைத் தாண்டவே கூடாது: வன எல்லை. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. "சும்மா அந்த மேடு வரைக்கும்" என்று விருந்தினரைக் காப்புக்காட்டுக்குள் கூட்டிப்போவது குற்றம். அதைவிட, அங்கே தீயோ விலங்கோ வந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. காட்டு நடை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2024-இல் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. தொடங்கும்போதே 40 பாதைகள், உள்ளூர் வழிகாட்டிகள், முறையான முன்பதிவு. அதில் பதிவு செய்யச் சொல்லி, நம்மிடம் தங்க வையுங்கள்.

கூடாரம் மலிவு என்று நினைத்து இறங்காதீர்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். ஏற்காட்டில் யானை இல்லை, காட்டெருமை உண்டு. அதனால் என் கூடாரங்கள் வீட்டு முற்றத்தில், விளக்கு வெளிச்சத்தில், வேலிக்குள்தான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | சொந்த மையம் | நடத்துநருக்கு இடம் | கம்பி இல்லாமல் |
|---|---|---|---|
| வார நாள் ஆட்கள் | பெரிய கூடம் இருந்தால் குழுக்கள் | நடத்துநரின் தொடர்பைப் பொறுத்தது | மெதுவாக வரும், வந்தவர் திரும்பவும் வருவார் |
| ஆள் | பயிற்சி பெற்ற மூவர், வருடம் முழுக்க | அவர்களுடையது, கண்காணிப்பு நம்முடையது | நாமும் ஓர் உள்ளூர்த் துணையும் |
| அனுமதி | அதிகம் | அவர்கள் வாங்கினாலும் நிலம் நம்முடையது | குறைவு, வன எல்லைக்குள் போகாதவரை |
| விபத்துப் பெயர் | நமக்கு | நமக்கும் | நமக்கு, ஆபத்து குறைவு |
| விட்டுவிட்டால் | கம்பமும் கடனும் | எழுதி வாங்கியிருந்தால் வெறும் நிலம் | சைக்கிளும் கூடாரமும் |
| சத்தம் | அதிகம் | அதிகம் | இல்லை |

எந்த வழியானாலும் இரண்டு விஷயம். விருந்தினரிடம் "என் பொறுப்பு" என்று கையெழுத்து வாங்கும் தாள் நம் கவனக்குறைவை மன்னித்துவிடாது. நுகர்வோர் ஆணையத்தில் அந்தத் தாளைக் காட்டித் தப்பிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடுத்தது, விடுதிக்கு எடுத்த காப்பீடு விளையாட்டையும் சேர்த்துக் காக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 108-ஐக் கூப்பிட்டாலும் எங்களுக்குச் சேலம் அரசு மருத்துவமனை இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கிறது. உங்கள் மலையிலிருந்து எத்தனை நிமிடம் என்று ஒரு சனிக்கிழமை மாலை நெரிசலில் வண்டி ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## கேட்ட மூவருக்கும்

ஏலகிரிக்காரருக்கு: உங்களிடம் அறுபது பேர் படுக்கும் கூடம் இருக்கிறது. பதினான்கே வளைவு, சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் மகனும் இதில் இறங்கத் தயாராக இருக்கிறார். நீங்கள் கட்டலாம். ஆனால் முதல் வருஷம் தாழ்வான கயிற்றுப் பாதையும் ஏறுசுவரும் மட்டும். மகன் வேறு ஒரு மையத்தில் ஒரு சீசன் வேலை பார்த்துவிட்டு வந்த பிறகு உயரத்துக்குப் போங்கள்.

கொடைக்கானல்காரருக்கு: 2024 மே 7 முதல் உங்கள் ஊருக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். கீழிருந்து வந்து விளையாடிவிட்டு அன்றே திரும்பும் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மலைக்கு வந்தவரை இன்னொரு இரவு தங்க வைப்பதுதான் உங்களுக்கு லாபம். நீங்கள் சொன்ன அந்தத் தனி வாசல் நிலத்தை நல்ல நடத்துநர் கேட்டால், மேலே எழுதிய நிபந்தனைகளோடு கொடுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கொல்லிமலைக்காரருக்கு: எழுபது வளைவு ஏறிப் பள்ளிப் பேருந்து வருவது அபூர்வம். இரண்டு அறைக்கு மூன்று சம்பளம் கட்டாது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படி இறங்கி ஏறியவர் மாலையில் கால் நீட்டத்தான் உங்களிடம் வருகிறார். மறுநாள் காலை அவரை மிளகுத் தோட்டத்துக்குள் கூட்டிப்போங்கள். ஏணியைச் சாய்த்து, சில்வர் ஓக்கில் ஏறி ஒரு கொத்து மிளகு பறிக்க விடுங்கள். ஏணியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், நான்காவது படிக்கு மேல் விடாதீர்கள்.